பியானோவைப் பத்திரமாகக் கொண்டுசேர்த்தவர்களுக்கு நன்றி

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களே,

பாளையங்கோட்டையில் ஒரு குடும்பத்தார் மனமுவந்து கொடுத்த யமஹா யூ1 என்ற, செங்குத்தாக நிற்கும் வகைப் பியானோ, பிக்கப் வண்டியில் ஏறி, திருச்செந்தூர் சாலை வழியாக, செம்மணல் தேரிக்காட்டு ஓரத்திலுள்ள நம் ஆலயத்துக்கு ஒரு கீறல்கூட இல்லாமல் வந்து சேர்ந்துவிட்டது. கைகொடுத்தவர்கள் யாரும் தங்கள் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பெயர் இல்லாவிட்டாலும், அவரவர் செய்த வேலையை விவரமாகச் சொல்லி நன்றி கூறுவதே முறை. பியானோவை இடம் மாற்றப்போகிற மற்ற சபைகளுக்கும் இது பயன்படும்.

முதல் நன்றி லோடுமேன் அண்ணன்மார் நால்வருக்கும். இந்த பியானோவின் எடை ஏறத்தாழ 230 கிலோ. தினமும் மூட்டை ஏற்றுகிறவர்களுக்கு அது ஒரு எடையே அல்ல. அந்த எடை எங்கே இருக்கிறது என்பதில்தான் சிக்கல். உள்ளே இருநூற்றுக்கும் அதிகமான கம்பிகள் முறுக்கேறி நிற்கின்றன. எல்லாவற்றின் இழுப்பையும் கூட்டினால் பல டன் வரும். அதைத் தாங்குவதற்காக முதுகுப்பக்கம் வார்ப்பிரும்புச் சட்டமும் கனத்த மரத்தூண்களும் உண்டு. விரலால் வாசிக்கும் கட்டைகள் முன்னால் துருத்திக்கொண்டிருப்பதால் பியானோ முன்பக்கம் சாயும் என்று தோன்றும். ஆனால் பாரம் பின்னால் இருப்பதால் அது மல்லாக்கத்தான் விழும். அண்ணன்மார் இதைக் கேட்டறிந்த பிறகு முதுகுப்பக்கம் ஒருவரையும் நிற்க விடவில்லை. இரண்டு முனைகளிலும் ஆள் நின்று, ஒரு கை கீழே, ஒரு கை மேல்விளிம்பில் என்று கடைசிவரை பிடி தளராமல் பார்த்துக்கொண்டார்கள்.

முன்கால்கள் இரண்டையும் அவர்கள் தொடவே இல்லை. அவை பியானோவைத் தூக்குவதற்கான பிடி அல்ல. அடியிலுள்ள சின்னச் சக்கரங்களும் அறைக்குள் கொஞ்சம் நகர்த்திக்கொள்ள மட்டுமே. உருட்டிக்கொண்டு போகும்போது ஒரு சக்கரம் தரையோட்டின் இடுக்கில் மாட்டினால், தள்ளும் வேகம் முழுக்க அந்தக் காலில் இறங்கிக் கால் ஒடிந்துவிடும். அதனால்தான் தச்சர் செய்துகொடுத்த தள்ளுபலகை இவ்வளவு உதவியது. இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், நான்கு அங்குல ரப்பர் சக்கரங்கள் நான்கு, மேலே ஒட்டிய பழைய கயிற்றுமிதியடி, அவ்வளவுதான். ஒரு முனையை இருவர் தூக்க, மூன்றாமவர் தள்ளுபலகையை நடுமையத்துக்குச் சரியாக உள்ளே தள்ளினார். மையம் மிகவும் தப்பினால் ஒரு முனை தரையில் இடிக்கும்.

தச்சருக்கு இன்னொரு நன்றியும் உண்டு. கிளம்பும் முன் மேல்மூடியைத் திறந்து டார்ச் அடித்து, கம்பிகளைத் தட்டும் சுத்தியல் வரிசைக்குள் பென்சிலோ நாணயமோ விழுந்து கிடக்கிறதா என்று அவர் பார்த்தார். ஆலயத்துப் பியானோக்களுக்குள் இவை கிடப்பது வழக்கம். வண்டி குலுங்கும்போது நகர்ந்து, மென்மையான பாகங்களுக்கு நடுவே சிக்கிக்கொள்ளும். கீழ்ப்பலகையை அதன் மேல்பக்கத்து ஸ்பிரிங்கை அழுத்திக் கழற்றி எலிக்கூடு இருக்கிறதா என்றும் பார்த்தார். கட்டைமூடிக்குச் சாவி இல்லை. ஒட்டும் டேப் போட்டால் பாலிஷோடு உரிந்து வரும் என்று, பருத்தி நாடாவால் கட்டிவிட்டார்.

பெண்கள் ஐக்கிய சங்கத்தார் கொடுத்த ஜமுக்காளங்களும் கம்பளிகளும் இல்லாவிட்டால் இந்தப் பளபளப்பு இப்படியே வந்திருக்காது. முதலில் துணி, அதற்கு மேல்தான் பிளாஸ்டிக் சுருள். வெயிலில் பிளாஸ்டிக்கை நேராகப் பாலிஷ்மேல் சுற்றினால் உள்ளே வியர்த்துத் தடம் விழும்.

ஓட்டுநர் தம்பியின் யோசனையால்தான் ஏற்றும் வேலை பாதியாகக் குறைந்தது. அந்த வீட்டுத் திண்ணை இரண்டடி உயரம். வண்டியைத் திண்ணையை ஒட்டிப் பின்னால் எடுத்து நிறுத்தியதும், தளத்துக்கும் திண்ணைக்கும் முக்கால் அடி வித்தியாசம்தான் மிஞ்சியது. ஆறடிப் பலகையே போதுமானதாக இருந்தது. படிக்கட்டில் இறக்கி மறுபடி ஏற்ற வேண்டிய தேவையே வரவில்லை. பியானோ ஐந்தடி அகலம், வண்டித்தளம் ஐந்தரை அடி. எனவே முதுகு கேபின் பக்கத் தடுப்பில் சாய்ந்திருக்க, குறுக்குவாட்டில் நிறுத்தினோம். சடன் பிரேக் போட்டாலும் பாரம் போய் அழுந்த ஒரு சுவர் இருக்கும். தள்ளுபலகையை உருவி எடுத்துவிட வேண்டும். சக்கரத்தின் மேல் நிற்கும் பொருளை எந்தக் கட்டாலும் நிறுத்த முடியாது.

கட்டுவதற்குக் கயிற்றை நம்பவில்லை. நைலான் கயிறு பாரத்தில் நீளும், வழியில் தளரும். நெம்பி இறுக்கும் ராட்செட் பெல்ட்டுகள் இரண்டு: ஒன்று மேல்விளிம்பிலிருந்து ஓரடி கீழே, மற்றது கட்டைப் படுகைக்குக் கீழே, கால்களில் படாதபடி உடம்பைச் சுற்றி. மூலைகளில் மடித்த அட்டை. துணி அமுங்கும் அளவுக்கு இறுக்கினால் போதும், மரம் முனகக் கூடாது. கொஞ்ச தூரம் போனதும் கம்பளி அமுங்கிப் பெல்ட் தளரும். செய்துங்கநல்லூரில் வண்டியை நிறுத்தி மறுபடி இறுக்கியதற்கும் தம்பிக்கு நன்றி.

அவர் செய்த மற்றொரு காரியத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. ஒரு டன்னுக்கு மேல் ஏற்றுவதற்கான பட்டைவில் (லீஃப் ஸ்பிரிங்) கொண்ட வண்டி அது. வெறும் 230 கிலோவோடு போனால் ஒவ்வொரு பள்ளத்திலும் துள்ளும். பின் அச்சுக்கு நேராக ஆறு மணல் மூட்டைகளைப் போட்டபின் வண்டி அடங்கி ஓடியது. வேகத்தடையில் நேராக, இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறும்படி ஓட்டினார். கோணலாக ஏறினால் வண்டி பக்கவாட்டில் ஆடும், உயரமான பொருளுக்கு அதுதான் ஆபத்து. விடியற்காலையில் கிளம்பியதால் வெயிலிலிருந்தும் தப்பினோம்.

இறக்கும்போது திண்ணை கிடையாது. பத்தடி நீளமுள்ள இரண்டு கனத்த பலகைகள், வளையாதபடி நடுவில் முட்டுக்கட்டை. வடக்கயிற்றைப் பியானோவின் அடிப்பாகத்தில் கட்டி, வண்டியின் முன்தடுப்புக் குழாயில் இரண்டு சுற்றுச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்கள். கீழே, பலகைக்கு நேராக ஒருவரும் நிற்கவில்லை.

அடுத்தது தேரி மணல். அதில் எந்தச் சக்கரமும் புதையும். வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் மூன்று பிளைவுட் தகடுகளை வரிசையாகப் போட்டு, தாண்டிய தகட்டை எடுத்து முன்னால் போட்டுப் போட்டே பக்கவாசல்வரை பாதை அமைத்தார்கள். சக்கர நாற்காலிக்காகக் கட்டிய சாய்தளம் அங்கே கைகொடுத்தது.

ட்யூனர் ஐயாவுக்குச் சொல்ல வேண்டிய நன்றி வேறு வகை. வந்த வாரமே சுருதி சேர்த்துத் தரும்படி பலரும் கேட்டும் அவர் இசையவில்லை. புது இடத்தின் ஈரப்பதத்துக்கு ஏற்ப, கம்பிகளின் அதிர்வை ஒலியாக்கும் மரப்பலகையான ஒலிப்பலகை உப்பியோ சுருங்கியோ தன் நிலைக்கு வர இரண்டு மூன்று வாரம் ஆகும். அதற்குமுன் சேர்க்கும் சுருதி நிற்காது, கூலி வீண் என்றார். தன் வருமானத்தைத் தள்ளிவைத்துச் சொன்ன வார்த்தை அது. அதுவரை ஆராதனைக்கு ஆர்மோனியமே இருக்கட்டும். ஜன்னல் வெயிலும் ஏசி காற்றும் நேரே படாத இடத்தை அவர்தான் காட்டினார். தயவுசெய்து பியானோவின் மேல் பூச்சாடி வைக்காதீர்கள்.

தள்ளுபலகை, ராட்செட் பெல்ட்டுகள், பத்தடிப் பலகைகள், பிளைவுட் எல்லாம் குருமனை வராந்தாவில் இருக்கின்றன. எந்தச் சபைக்குத் தேவைப்பட்டாலும் இலவசமாக எடுத்துப் போகலாம். திருப்பித் தரும்போது சக்கரத்திலுள்ள மணலைத் தட்டிவிட்டுத் தந்தால் போதும்.

அன்புடன்,
பாடகர் குழுவினர்