நியூட்டனையும் சொல்லியிருக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணி 1996இல் தேசியச் சாம்பியன் பட்டம் வென்றது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பயிற்சியாளர் ரிக் பிட்டினோவுக்கு உரிய புகழில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அவரை நியூயார்க் நிக்ஸ் என்ற தொழில்முறை அணியிலிருந்து அழைத்துவந்த சி. எம். நியூட்டனின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. அதுதான் மனம் ஆறவில்லை.

1989இல் கென்டக்கி அணி தலைகுனிந்து நின்றது. வீரர் ஒருவரின் தந்தைக்குச் சென்ற கூரியர் உறையில் ஆயிரம் டாலர் ரொக்கம் இருந்ததாக விவகாரம் வெடித்து, விசாரணை நடந்து, அப்போதைய பயிற்சியாளர் ராஜினாமா செய்தார். தேசியப் போட்டியில் ஆட இரண்டு ஆண்டுகள் தடை. அந்த நேரத்தில்தான், வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளராக இருந்த நியூட்டன், தான் படித்த கென்டக்கிக்கு விளையாட்டுத் துறை இயக்குநராகத் திரும்பினார். முதல் வேலையாகப் பிட்டினோவைப் பிடித்தார்.

ஆனால் நான் அவரை மதிப்பது இதற்காக மட்டுமல்ல. அலபாமா பல்கலைக்கழகத்தில் 1963 ஜூனில், இரண்டு கறுப்பின மாணவர்களை உள்ளே விடமாட்டேன் என்று ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் வழிமறித்து நின்றாரே, அந்த வாசல் கூடைப்பந்து அணி ஆடிய அரங்கின் வாசல். ஐந்தே ஆண்டுகளில் அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பயிற்சியாளராகப் போனார் நியூட்டன். முதல் பருவத்தில் நான்கு வெற்றி, இருபது தோல்வி. வேறொருவராக இருந்தால் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்த்திருப்பார். இவர் 1969இல் வெண்டெல் ஹட்சனைச் சேர்த்தார். அலபாமாவில் விளையாட்டு உதவித்தொகை பெற்ற முதல் கறுப்பின வீரர் அவர். 1973இல், அலபாமா, கென்டக்கி போன்ற பல்கலைக்கழக அணிகள் மோதும் தென்கிழக்கு மாநாடு (Southeastern Conference) என்ற போட்டித் தொடரின் சிறந்த வீரரானார். அதே ஆண்டு டிசம்பரில் ஐந்து கறுப்பின வீரர்களைத் தொடக்க அணியாக இறக்கினார் நியூட்டன். அந்த மாநாட்டில் அதற்கு முன் எந்த அணியும் அப்படிச் செய்ததில்லை. 1974 முதல் 1976 வரை மூன்று ஆண்டும், பகிர்ந்தோ தனித்தோ, முதலிடம் அலபாமாவுக்குத்தான்.

கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அணிப் பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்கும் முன் எத்தனை பேர் அறைக்கு வந்து பேசிவிட்டுப் போவார்கள் என்பதை அனுபவித்திருக்கிறேன். அதனால்தான் ஹட்சனைச் சேர்த்த அந்த முடிவு எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

நிர்வாகியான பிறகும் அவர் மாறவில்லை. 1995இல் கென்டக்கி மகளிர் அணிக்குப் பெர்னடெட் மாட்டாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணியைத் தலைமைப் பயிற்சியாளராக்கினார். 1997இல் பிட்டினோ விலகியதும் டபி ஸ்மித்தை நியமித்தார். கென்டக்கி ஆடவர் அணிக்கு வந்த முதல் கறுப்பினப் பயிற்சியாளர் இவரே. நியூட்டனுக்குக் குருவான அடால்ஃப் ரப், வெள்ளையரை மட்டுமே கொண்ட அணியோடு 1966 இறுதிப் போட்டியில் ஆடித் தோற்றது இதே கென்டக்கிக்காகத்தான். ஸ்மித் தமது முதல் பருவத்திலேயே, 1998இல், பட்டத்தை வென்று கொடுத்தார்.

நியூட்டன் 2018 ஜூனில் காலமானார். கென்டக்கி பல்கலைக்கழகம் இருக்கும் லெக்சிங்டனில் கூடைப்பந்து அரங்கத்துக்கு ரப்பின் பெயர். பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அரங்க வளாகத்துக்கு நியூட்டனின் பெயர். அவரைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றைத் தாங்கள் வெளியிட வேண்டும் என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி இயக்குநர்,
திண்டுக்கல்.