அளவு மறந்த தையற்காரர்

மதுரை,
ஞாயிறு மாலை

அன்புள்ள கலைச்செல்வி,

உன் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததைப் படித்த பிறகுதான் மனம் ஆறியது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடு.

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மருந்து கொடுக்கும் என் ஏ.ஆர்.டி. மையத்து வேலையைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஒருவரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். ஐம்பதைத் தாண்டிய தையற்காரர். பல ஆண்டுகளாக மாத்திரை சாப்பிடுகிறார். இரத்தத்தில் வைரஸ் தென்படவே இல்லை, நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களின் கணக்கான சிடி4 எண்ணிக்கையும் 500-க்கு மேல். ஆனால் தோள் அளவை எடுத்து நோட்டில் எழுதத் திரும்புவதற்குள் எண் மறந்துவிடுகிறது, மறுபடியும் நாடாவை எடுக்கிறார் என்று அவர் மனைவி வந்து சொன்னார். நான் என்ன கேட்டேன் தெரியுமா? "மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா?" அவர் பதில் பேசவில்லை. பையிலிருந்து காலி டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். அந்தச் சத்தம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

அன்றிரவே படிக்க உட்கார்ந்தேன். தொற்று ஏற்பட்ட சில நாட்களிலேயே எச்.ஐ.வி. மூளைப் பக்கம் போய்விடுகிறது. தாய்லாந்தில் நடந்த ஓர் ஆய்வில், தொற்றி எட்டு நாட்களே ஆகியிருக்கும் என்று கணித்த ஒருவரின் தண்டுவட நீரிலேயே அது இருந்தது. இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே காவல் உண்டு அல்லவா? அதை மோனோசைட் என்ற நம் வெள்ளணுவின் தோளில் ஏறிக் கடந்துவிடுகிறது. உள்ளே போன பிறகும் நரம்பணுவுக்குள் நுழைவதில்லை, அது நுழையத் தேவையான சிடி4 என்ற புரதம் அங்கே இல்லை. அது குடியேறுவது மைக்ரோகிளியாவில். நாம் விலங்கியல் படித்தபோது ஒரே வரியில் கடந்துபோன அதே செல்தான். கரு உருவாகும்போதே மூளைக்குள் வந்து, ஆண்டுக்கணக்கில் அங்கேயே காவல் இருப்பது. கழிவை அள்ளுவது, கிருமியைத் தின்பது, நரம்பு இணைப்புகளைச் சீர்செய்வது எல்லாம் அதன் வேலை. அதைத்தான் வைரஸ் கிளறிவிடுகிறது. கிளர்ந்தெழுந்த மைக்ரோகிளியா அழற்சி ஊட்டும் பொருள்களையும் நரம்பணுவுக்கு நஞ்சான க்வினோலினிக் அமிலத்தையும் கக்குகிறது. நரம்பணுக்கள் சேதி கடத்தும் குளூட்டமேட் மிஞ்சினால் அவற்றையே கெடுக்கும்; அதை அப்புறப்படுத்த வேண்டிய ஆஸ்ட்ரோசைட் என்ற துணைச்செல்லும் தளர்ந்துபோகிறது. பக்கத்தில் இருக்கும் நரம்பணு, தொற்றே இல்லாமல் வாடுகிறது. வேலியே பயிரை மேய்வது என்பார்களே, இது அதுதான்.

மாத்திரை வைரஸ் பெருகுவதைத் தடுக்கும். ஆனால் செல்லின் மரபுப் பொருளோடு ஏற்கெனவே சேர்ந்துவிட்ட வைரஸ், டாட் போன்ற புரதங்களைச் செய்வதை இப்போதுள்ள மருந்து எதுவும் நிறுத்துவதில்லை. ஆண்டுக்கணக்கில் மருந்து சாப்பிட்ட பலரின் தண்டுவட நீரிலும் நியோப்டெரின் என்ற அழற்சி அடையாளம் சற்றுக் கூடுதலாகவே இருக்கிறதாம். நெருப்பு அடங்கினாலும் கங்கு கிடக்கிறது.

நம் நாட்டில் அதிகம் இருப்பது சி வகை வைரஸ். அதன் டாட் புரதத்தில் 31-ஆம் இடத்தில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாகப் பெரும்பாலும் செரின் என்ற வேறொன்று இருப்பதால் மோனோசைட்டுகளை இழுக்கும் வலு குறைவு என்று பெங்களூர் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதனால் நமக்குக் கவலையில்லை என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. முற்றிய மறதிநோய் குறைவாக இருக்கலாம். இப்படிக் கைத்தொழிலில் தட்டுப்படும் சிறு தடுமாற்றத்தை யார் எண்ணிப் பார்க்கிறார்கள்? 2004-இல் அரசு இலவசமாக மருந்து கொடுக்கத் தொடங்குவதற்கு முன் பலர் இந்த வயதை எட்டவே இல்லை. இப்போது எட்டுகிறார்கள். சளியையும் எடையையும் கேட்கும் நாம், கணக்கு வருகிறதா, பெயர் நினைவிருக்கிறதா என்று கேட்பதில்லை.

மருத்துவர் அவரை நரம்பியல் பிரிவுக்கு அனுப்பினார். பி12, தைராய்டு, சர்க்கரை, மனச்சோர்வு எல்லாம் பார்த்தார்கள். சில பேருக்கு இரத்தத்தில் இல்லாத வைரஸ் தண்டுவட நீரில் மட்டும் தலைகாட்டும், அப்போது மருந்தையே மாற்ற வேண்டிவரும். இவருக்கு அதுவும் இல்லை. இப்போது அவர் அளவை உரக்கச் சொல்கிறார், மனைவி எழுதுகிறார். வருகிற செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். மாத்திரை டப்பாவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கப் போகிறேன்.

அம்மாவுக்கு என் வணக்கம் சொல்.

உன்,
மல்லிகா