விமான நிலையச் சோதனை: சண்டை யாரோடு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் நடக்கும் வாக்குவாதங்களைப் பற்றி உங்கள் இதழில் வரும் வாசகர் கடிதங்களைப் படித்துவருகிறேன். பாதிப் பேர் சோதனை ஊழியர்களைத் திட்டுகிறார்கள். மீதிப் பேர் பயணிகளுக்குப் பொறுமை போதாது என்கிறார்கள். அந்த இடத்தில் இல்லாத மூன்றாவது ஆளை மட்டும் யாரும் கேட்பதில்லை. விதியை எழுதியவர் அவர்தான். இருக்கிற வரிசைகளில் இரண்டை மட்டும் திறந்தால் போதும் என்று முடிவெடுத்தவரும் அவர்தான். பைகள் நகரும் பெல்ட் பக்கம் அவர் வந்து நிற்பதே இல்லை.

திரவ விதியை எடுத்துக்கொள்வோம். தகராறில் பெரும்பங்கு அதில்தான் பிறக்கிறது. அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானங்களைக் குளிர்பான பாட்டில்களில் அடைத்த வெடிதிரவத்தால் தகர்க்கப் போட்ட சதியை 2006 ஆகஸ்டில் பிரிட்டிஷ் போலீஸ் முறியடித்தது. முதலில் கைப்பையில் திரவமே கூடாது என்றார்கள். அப்புறம் 100 மில்லிக்கு மேல் கொள்ளும் பாட்டில் கூடாது என்ற விதி வந்தது. இதில் கணக்கில் வருவது பாட்டிலின் அளவு, உள்ளே இருப்பது எவ்வளவு என்பதல்ல. 200 மில்லி பாட்டிலின் அடியில் ஒட்டிக்கிடக்கும் ஷாம்பூவுக்கும் அனுமதி கிடையாது. பயணி பாட்டிலைக் கவிழ்த்துக் காட்டுவார், ஊழியர் லேபிளில் விரல் வைப்பார். "ஆபத்தான பொருள் என்றால் இத்தனை பேர் நிற்கும் இடத்திலேயே ஏன் தொட்டியில் போடுகிறீர்கள்?" என்று ஒருவர் கேட்டதை நானே பார்த்தேன். நியாயமான கேள்வி. ஆனால் அதற்குப் பதில் சொல்லும் அதிகாரம் கையுறை மாட்டிய அந்தப் பெண்ணுக்கு இல்லை. "விதி அப்படித்தான்" என்றாள். வேறென்ன சொல்வாள்? கேட்டவர் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார்.

இப்போது குழப்பம் இன்னும் கூடியிருக்கிறது. பையைப் பல கோணங்களில் படம்பிடித்து முப்பரிமாணமாகக் காட்டும் புதிய ஸ்கேனர் வந்த பல நிலையங்களில் லேப்டாப்பையும் திரவத்தையும் வெளியே எடுக்க வேண்டாம். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 2025 ஜூலை முதல் 2 லிட்டர் வரை கொண்டுபோகலாம். அங்கே தாராளமாக விட்ட அதே பாட்டிலை, திரும்பி வரும்போது பழைய இயந்திரம் உள்ள இன்னொரு நிலையத்தில் பிடுங்குவார்கள். காலணி விஷயமும் இப்படித்தான். 2001 டிசம்பரில் பாரிஸிலிருந்து மயாமி போன விமானத்தில் ஒருவன் ஷூவுக்குள் வைத்த வெடிமருந்தைப் பற்றவைக்கப் பார்த்தான். அதன் விளைவாக அமெரிக்காவில் பல ஆண்டுகள் பயணிகள் ஷூவைக் கழற்றி ட்ரேயில் வைத்தார்கள். 2025 ஜூலையில் ஒரே அறிவிப்பில் அது போயிற்று. நடுவில் அதற்காக வாங்கிய வசவெல்லாம் ஊழியர்களின் கணக்கில்!

அந்த வேலையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால்தான் பெல்ட் ஏன் திடீரென்று நின்று பின்னால் நகர்கிறது என்று புரியும். எக்ஸ்ரே திரையில் உலோகம் நீலமாகவும் உணவு, துணி, காகிதம் போன்றவை ஆரஞ்சாகவும் தெரியும். வெடிமருந்தும் ஆரஞ்சுதான். அதனால் கட்டியான சாக்லேட்டோ பாலாடைக்கட்டியோ இருந்தாலே பையைத் திறக்கச் சொல்கிறார்கள். போதாக்குறைக்கு, பல நிலையங்களில் மென்பொருளே ஒரு துப்பாக்கியின் போலிப் படத்தை நம் பைக்குள் நுழைத்து, திரையைப் பார்ப்பவர் கவனிக்கிறாரா என்று சோதிக்கும். கண்டுபிடித்தாரா, தவறவிட்டாரா என்பது பதிவாகும். ஒருவர் தொடர்ந்து 20 நிமிடத்துக்கு மேல் அந்தத் திரையைப் பார்க்கக் கூடாது என்று ஐரோப்பிய விதி சொல்கிறது. கண்ணும் மூளையும் அவ்வளவுதான் தாங்கும்.

மேலிருந்து வரும் அழுத்தம் வேறு. 2015இல் அமெரிக்காவில் சாதாரணப் பயணிகள்போல ஆட்களை அனுப்பிச் சோதித்தபோது, 70 முயற்சிகளில் 67இல் ஆயுதமோ போலிக் குண்டோ பிடிபடாமல் தாண்டிப் போனதாகச் செய்தி வெளியானது. சோதனைத் துறையின் தலைமைப் பொறுப்பில் இருந்தவரை மாற்றினார்கள், கெடுபிடி கூடியது. அடுத்த ஆண்டே வரிசைகள் நீண்டு மக்கள் விமானத்தைத் தவறவிட்டார்கள். விட்டால் ஏன் விட்டாய், நிறுத்தினால் ஏன் நிறுத்தினாய். 2018 டிசம்பரில் தொடங்கி 35 நாள் அந்நாட்டு அரசு, செலவுக்கு நிதி ஒப்புதல் கிடைக்காமல் முடங்கிக் கிடந்தபோது இதே ஊழியர்கள் சம்பளம் வராமல் வேலைக்கு வந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதற்காக ஊழியர்கள் எல்லோரும் தங்கம் என்று சொல்ல வரவில்லை. எனக்கு இரண்டு முழங்காலிலும் செயற்கை மூட்டு. மெட்டல் டிடெக்டர் என்னைப் பார்த்துக் கத்தாமல் விட்டதில்லை. மருத்துவர் கொடுத்த அட்டையைக் காட்டினாலும் தடவிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும், அட்டையை யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாமே. என் பிரச்சினை அதுவல்ல. ஒரு நிலையத்தில் அந்த ஊழியர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. என் தலைக்கு மேலே பார்த்து, "இந்தம்மாவுக்கு ஒரு ஆள் வேணும்" என்று அடுத்த வரிசைக்குக் குரல் கொடுத்தார். வந்தவர் நேராகத் தொடையில் கை வைத்தார். பின்னால் நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இன்னொரு நிலையத்தில் ஒரு பெண், "கால்ல ஆபரேஷன் ஆச்சாம்மா? வலிக்கிற இடம் இருந்தா முதல்லயே சொல்லிடுங்க" என்றாள். "இப்போ முட்டிக்குப் பின்னாடி தொடுறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் தொட்டாள். உடம்பு தானாகவே இறுக்கம் தளர்ந்தது. இரண்டு இடத்திலும் சோதனை ஒன்றுதான், ஆன நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதல் ஊழியரின் மரியாதைக் குறைவுக்கு அவரே பொறுப்பு. ஆனால் தொடுவதற்கு முன் சொல்ல வேண்டும் என்று அவருக்குக் கற்றுத்தந்தார்களா, மறந்தால் நினைவூட்ட அங்கே ஒரு மேற்பார்வையாளர் இருந்தாரா என்று கேட்டால் பதில் மேலே போகிறது. தனி அறையில் சோதிக்கச் சொல்லிக் கேட்கலாம் என்ற வசதி பல நாடுகளில் இருக்கிறது. அதை எந்த அறிவிப்புப் பலகையில் பார்த்தீர்கள்? எனக்கே சக பயணி ஒருவர் சொல்லித்தான் தெரியும்.

பயணிகள் தரப்பில் எனக்குச் சகிக்காதது ஒன்று உண்டு. பையைத் திறக்கச் சொன்னதும் "ஆமாம், உள்ளே குண்டு இருக்கு" என்று சிரிப்பவர்கள். கைதாகும் அளவுக்குப் போகக்கூடிய பேச்சு அது. 2013 நவம்பர் 1 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்தில் துப்பாக்கியோடு நுழைந்தவன் குறிவைத்தது சோதனை ஊழியர்களைத்தான். ஒருவர் செத்தே போனார். அந்த வேலையில் இருப்பவரிடம் போய் இந்த நகைச்சுவை எதற்கு?

சரி, என்ன செய்யலாம்? எந்த நிலையத்தில் எந்த ஸ்கேனர், எதை வெளியே எடுக்க வேண்டும் என்பதை டிக்கெட்டோடு சேர்த்து, போகும் நிலையத்துக்கும் திரும்பும் நிலையத்துக்கும் தனித்தனியாக அனுப்புவது ஒன்றும் கஷ்டமில்லை. ட்ரேயை எடுத்து ஷூவை மாட்டிக்கொள்ளும் இடத்தில் புகார் எழுத வழி இருக்கட்டும். அது ஊழியரின் மேலதிகாரியோடு நின்றுவிடாமல், விதி போடும் துறைக்கும் போக வேண்டும். கூடவே, மொத்தம் எத்தனை வரிசை, எந்த மணி நேரத்தில் எத்தனை திறந்திருந்தது என்ற கணக்கை நிலையங்கள் வெளியிட வேண்டும். காத்திருக்கும் நேரத்தைத் திரையில் காட்டும் நிலையங்களுக்கு இதற்கென்று புதிதாக ஒரு கருவியும் வாங்க வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
ஒரு வாசகி