மீனுக்கும் ராத்திரி வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வீட்டில் மீன் வளர்ப்பது பற்றி வந்த கட்டுரை பயனுள்ளதுதான். ஆனால் இரவிலும் தொட்டி விளக்கை எரியவிட்டால் ஹாலுக்கு அழகு என்று அதில் ஒரு வரி இருந்ததே, அதைப் படித்ததும் மனசு கேட்கவில்லை. மீன் கண்ணை மூடுவதில்லை, அதனால் தூங்குவதும் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். தூங்குகிறது.

கொளத்தூர் கடைகளில் கிடைக்கும் ஜீப்ரா மீனையே எடுத்துக்கொள்ளுங்கள். பகலெல்லாம் சுற்றும், இருட்டினால் அடங்கிவிடும், விடிந்து வெளிச்சம் பட்ட கொஞ்ச நேரத்தில் முட்டையிடும். ஆய்வுக்கூடங்களில் இதற்கு வழக்கமாக 14 மணி நேரம் வெளிச்சம், 10 மணி நேரம் இருட்டு என்று கணக்காக வைக்கிறார்கள். எப்போது தூங்குவது, எப்போது விழிப்பது என்று உள்ளிருந்து நடத்தும் நம் உடம்புக் கடிகாரத்துக்கு வெளிச்சத்தின் சேதி கண் வழியாகத்தான் போகிறது. ஆனால் இந்த மீனின் இதயத்தையும் சிறுநீரகத்தையும் தனியே எடுத்து வளர்ப்புத் தட்டில் வைத்தால்கூட, அந்தத் திசுக்களே வெளிச்சத்தை உணர்ந்து தங்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொள்கின்றன. 2000ஆம் ஆண்டிலேயே இதைக் காட்டிவிட்டார்கள். அப்படிப்பட்ட உயிருக்கு ராத்திரி முழுக்க விளக்கைப் போட்டால், இருட்டில் சுரக்க வேண்டிய மெலட்டோனின் என்ற ஹார்மோன் குறையும், தூக்கமும் கெடும்.

இருட்டிலேயே வாழும் மீன்கள் இல்லையா என்று கேட்கலாம். சோமாலியாவில் பாலைவனத்துக்கு அடியில், கண்ணே இல்லாத குகைமீன் ஒன்று இருக்கிறது. அதன் கடிகாரம் வெளிச்சத்துக்கு அசைவதில்லை, தினமும் ஒரே நேரத்தில் இரை போட்டால் அதற்கு மட்டும் இசைகிறது, அதன் ஒரு சுற்றே ஏறக்குறைய 47 மணி நேரம் என்று 2011இல் வெளியான ஆய்வு சொல்கிறது. சரி, ஆனால் அந்த நிலைக்கு வர அதற்குப் பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் மேல் ஆனது. கடையிலிருந்து போன வாரம் வாங்கி வந்த மீனிடம் அதை எதிர்பார்ப்பது கொடுமை.

ஒரு டைமர் பிளக் மாட்டினால் போதும், விளக்கு தானாக எரிந்து தானாக அணையும். காலையில் அறை வெளிச்சமான பிறகு தொட்டி விளக்கு எரிவது நல்லது, கும்மிருட்டில் திடீரென்று போட்டால் மீன் மிரண்டு கண்ணாடியில் முட்டும். அப்புறம், டேங்க் கிளீனர் என்று விற்கிறார்களே, அது இரவில் மேயும் மீன். அதற்கான தீனியை விளக்கணைத்த பிறகு போடுங்கள்.

உங்கள் இதழை நம்பி மீன் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அடுத்த இதழில் அந்த ஒரு வரியை மட்டுமாவது திருத்திப் போடுங்கள்.

– வாசகர், சென்னை