நாரி நோவை அளந்து எழுதுங்கள்

கொழும்பு அரச வைத்தியசாலைகளின் எலும்பியல் கிளினிக் வைத்தியர்களுக்கும் பிசியோதெரபி பிரிவினருக்கும்,

வணக்கம். கழுத்து நோவோடும் நாரி நோவோடும் வருபவர்களிடம், நோவால் அன்றாட வேலைகள் எவ்வளவு தடைப்படுகின்றன என்று கேட்கும் ஒரு வினாத்தாளைத் தமிழில் கொடுத்து, கிடைக்கும் புள்ளியை ஒவ்வொரு முறையும் கிளினிக் கொப்பியில் எழுதுங்கள். கேட்பது இவ்வளவுதான்.

என் அம்மாவின் கொப்பியில் மாதக்கணக்காக "நோ உண்டு" என்றுதான் இருந்தது. கட்டிலை விட்டு எழும்பவே கஷ்டப்பட்டவர், மெல்ல மெல்லச் சந்திக்கடை வரை நடந்தார். அது எங்கும் பதியப்படவில்லை. புதிதாகப் பார்த்த வைத்தியர் கொப்பியைப் புரட்டிவிட்டு, குணமில்லை என்று மருந்தை மாற்றினார். அவர்மேல் பிழை சொல்லமாட்டேன், கொப்பி சொன்னதைத்தானே அவர் நம்ப முடியும்.

நாரிக்கு 1980இல் வெளியான ஒஸ்வெஸ்ட்ரி வினாத்தாள் இருக்கிறது. பத்துப் பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை. எவ்வளவு நேரம் இருக்கலாம், நிற்கலாம், எவ்வளவு தூரம் நடக்கலாம், பாரம் தூக்க முடியுமா, நித்திரை எப்படி என்று கேட்கும். 50க்கு வருவதை நூற்றுவீதமாக்குவார்கள். புள்ளி கூடக்கூடக் கஷ்டம் அதிகம்; அந்த நூறில் பத்துப் புள்ளியளவு குறைந்தால் நோயாளிக்கே சுகம் தெரியும் என்று கொள்வது வழக்கம். அதைப் பின்பற்றிக் கழுத்துக்கென 1991இல் வந்ததில் வாசிப்பு, தலையிடி, வாகனம் ஓட்டுதல் எல்லாம் உண்டு.

சரி, வாகனமே ஓட்டாத அம்மாவிடம் அதைக் கேட்டு என்ன பயன்? விட்டுவிடலாம். பதில் வந்த பகுதிகளை மட்டும் வைத்து வீதம் கணிக்க முடியும். ஒஸ்வெஸ்ட்ரியில் வரும் தாம்பத்தியக் கேள்வியைப் பலர் வெறுமையாக விடுவார்கள், வற்புறுத்த வேண்டாம். ஆனால் புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமைத் தொழிலாளிக்குப் பாரம் தூக்கும் கேள்வி வயிற்றுப்பாடு. அதை அவசரமாகக் கடந்து போகாதீர்கள். எழுத்துத் தெரியாதவருக்கு யாராவது வாசித்துக் காட்டுங்கள்.

தாள் இருக்கிறதென்று கைப்பரிசோதனையை விடவும் கூடாது. காலை நீட்டித் தூக்கிப் பார்ப்பது, தசைவலு, உணர்ச்சி எல்லாம் வேண்டும். தொடையிடுக்கு மரத்துப்போவதும் சலம் போக முடியாமல் அடைப்பதும் அவசர நிலை. வெட்கத்தில் நோயாளி தானாகச் சொல்லமாட்டார், நீங்கள்தான் நேரே கேட்க வேண்டும்.

தமிழும் 1987 முதல் அரச கரும மொழி. தமிழ்த் தாளை அப்படியே அச்சடிக்காமல், நோயாளிகள் சிலருக்கு வாசித்துக் காட்டித் திருத்துங்கள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அதற்கு ஆட்கள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், நானே கூட்டிவருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகள்,
கொட்டாஞ்சேனை