குழந்தை சீட்டை முன்னால் வைக்காதே, அம்மாடி

அம்மாடி,

நேற்று போனில் நீ கேட்டதற்கு "வேண்டாம்மா" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டேன். போனை வைத்த பிறகு தூக்கம் வரவில்லை. பிரசவத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கும்போதே குழந்தை சீட்டைப் பற்றி யோசிக்கிறாய் என்பதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. ஆனால் "முன் சீட்டில் வைத்தால் நான் ஓட்டும்போது முகத்தைப் பார்த்துக்கொண்டே போகலாமே அப்பா" என்று சொன்னாய் பார், அது என்னை விடவில்லை. ஏன் வேண்டாம் என்று ஒழுங்காகச் சொல்லாமல் வேண்டாம் என்பது நியாயம் இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்.

முதலில் அந்த முன் சீட்டு விஷயத்தையே பார்ப்போம். பச்சைக்குழந்தையின் சீட்டு பின்பக்கம் பார்த்தபடி வைக்கப்படும், அதாவது குழந்தையின் முகம் காரின் பின்கண்ணாடியைப் பார்க்கும், முதுகு காரின் முன்பக்கத்தை நோக்கி இருக்கும். அப்படி முன் சீட்டில் வைத்தால் அந்தச் சீட்டின் முதுகு, குழந்தையின் தலைக்கு நேர் பின்னால் இருக்கும் பகுதி, டாஷ்போர்டுக்கு ஒட்டினாற்போல வந்து நிற்கும். அந்த டாஷ்போர்டுக்குள் ஏர்பேக் இருக்கிறது. ஏர்பேக் என்றால் மெதுவாக ஊதும் பலூன் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது மணிக்கு 300 கிலோமீட்டர் வரை வேகத்தில் வெடித்து விரிவது, கண் ஒரு முறை இமைத்து முடிப்பதற்குள் விரிந்து முடிந்துவிடும். பெல்ட் போட்ட பெரியவர் தள்ளி உட்கார்ந்திருந்தால் அது உயிரைக் காக்கும். அதே ஏர்பேக் குழந்தை சீட்டின் முதுகில் அடித்தால், அந்த அடி நேராகக் குழந்தையின் தலைக்கும் கழுத்துக்கும் போகும். இது கற்பனை இல்லை. 1990-களில் அமெரிக்காவில் சின்ன மோதல்களில், கார் பெரிதாக நசுங்காத மோதல்களில்கூட, ஏர்பேக் அடித்தே குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். முன் சீட்டின் வெயில் மறைப்பைக் கீழே இறக்கிப் பார், குழந்தை சீட்டின் மேல் சிவப்புக் கோடு போட்ட படம் ஒட்டியிருக்கும், அதன் அர்த்தம் இதுதான்.

சில கார்களில் அந்த ஏர்பேக்கை மட்டும் சாவியால் அணைத்து வைக்கலாம். பின் சீட்டே இல்லாத வண்டி என்றால் அது தேவைப்படும். உங்கள் காரில் பின் சீட்டு இருக்கிறது, அப்புறம் எதற்கு? குழந்தை அழுதால் ஓரமாக நிறுத்திப் பார். அது அழுவது தாங்க முடியாது என்று எனக்குத் தெரியும், உன்னை வளர்த்தவன் நான். ஆனால் ஓட்டிக்கொண்டே முகத்தைத் திரும்பிப் பார்ப்பது தனியாக இன்னொரு ஆபத்து.

சரி, பின்பக்கம் பார்த்துத்தான் ஏன் வைக்க வேண்டும்? பிறந்த குழந்தையின் தலை அதன் மொத்த நீளத்தில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. கழுத்து எலும்பு இன்னும் முழுதாக எலும்பாகவே ஆகியிருக்காது. முன்னால் பார்த்து உட்கார வைத்தால், கார் மோதி நிற்கும்போது உடம்பை வார் பிடித்துக்கொள்ளும், அந்தக் கனமான தலை மட்டும் முன்னால் பாயும், எல்லா இழுவையும் கழுத்தில் விழும். பின்னால் பார்த்து இருந்தால் தலை, கழுத்து, முதுகு எல்லாமே சீட்டின் முதுகில் ஒன்றாகப் புதையும். ஸ்வீடனில் பெர்டில் ஆல்ட்மன் என்பவர் 1960-களில் இதை யோசித்து, பின்னால் பார்க்கும் முதல் குழந்தை சீட்டைச் செய்தார், விண்வெளி வீரர்கள் மேலே கிளம்பும்போது முதுகில் அழுத்தம் வாங்கும்படி படுத்திருப்பதைப் பார்த்துத்தான் அந்த யோசனை வந்தது என்பார்கள். அந்த நாட்டில் இன்றும் நான்கு வயது வரைகூடப் பிள்ளைகளைப் பின்னால் பார்த்தே உட்கார வைக்கிறார்கள். ஐரோப்பாவின் புது விதி குறைந்தது 15 மாதம் என்கிறது. யாராவது "கால் மடங்கிக் கிடக்கிறதே பாவம், திருப்பி வை" என்று சொல்வார்கள். சொன்னால் சொல்லட்டும். கால் மடங்கினால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது, சீட்டில் எழுதியிருக்கும் எடையோ உயரமோ தாண்டும் வரை திருப்பாதே.

பின் சீட்டில் எந்த இடம் என்று அடுத்து கேட்பாய். நடு இடம். காரணம் சுலபம், எந்தப் பக்கத்திலிருந்து இடித்தாலும் கதவு உள்ளே வந்து தொடும் தூரம் அங்கேதான் அதிகம். 2008-ல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில், மூன்று வயது வரையுள்ள குழந்தைகளில் பின் சீட்டின் நடுவில் இருந்தவர்களுக்குக் காயம் படும் வாய்ப்பு ஓரத்தில் இருந்தவர்களைவிட 43 சதவீதம் குறைவு என்று கண்டார்கள். ஆனால் இதில் ஒரு விஷயம் இருக்கிறது, இதைக் கவனமாகப் படி. பல கார்களில் நடு இடம் குறுகலாகவும் கொஞ்சம் மேடாகவும் இருக்கும், குழந்தை சீட்டை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் ஓரங்களில் மட்டும்தான் இருக்கும். நடுவில் வைத்து அது ஆடினால் நடு என்பதில் எந்தப் பயனும் இல்லை. பெல்ட் போகும் இடத்தில் சீட்டைப் பிடித்து ஆட்டிப் பார், எந்தப் பக்கமும் இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் நகரக் கூடாது. நடுவில் அப்படி இறுக்க முடியவில்லை என்றால் ஓரத்தில் இறுக்கமாக வை, நடைபாதைப் பக்கக் கதவு ஓரமாக வைத்தால் குழந்தையைத் தூக்க நீ வண்டிகள் வரும் பக்கம் நிற்க வேண்டாம். குழந்தையின் வாரும் அப்படித்தான், தோள் பக்கம் வாரை விரல்களால் கிள்ளிப் பார், கிள்ள முடிந்தால் இன்னும் தளர்வாக இருக்கிறது. கனமான ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு மாட்டு, வேண்டுமானால் மேலே போர்த்திக்கொள்ளலாம்.

"கொஞ்ச தூரம்தானே, மடியில் வைத்துக்கொள்கிறேன்" என்று யார் சொன்னாலும் விடாதே. அம்மா சொன்னாலும் சரி, நானே சொன்னாலும் சரி.

உன் புருவத்தில் இருக்கும் தழும்பைப் பற்றி நீ உன் சிநேகிதிகளிடம் சிரித்துக்கொண்டே சொல்வாய், "இரண்டு வயதில் காருக்குள் பறந்தேன்" என்று. எல்லாரும் சிரிப்பார்கள். நான் ஒரு நாளும் சிரித்ததில்லை, நீ கவனித்திருக்கிறாயா தெரியவில்லை. உன் பெரியப்பா ஓட்டினார், நான் முன் சீட்டில், நீ என் மடியில். முன்னால் போன வண்டி சட்டென்று நின்றது, நாங்கள் போய் இடித்தோம். வேகம் 20 கிலோமீட்டருக்கு மேல் இருந்திருக்காது, வண்டியில் ஒரு விளக்கு உடைந்தது, அவ்வளவுதான். ஆனால் இரண்டு கையாலும் உன்னை அணைத்துப் பிடித்திருந்தேன், நீ கையில் இல்லை. நான்கு தையல். அப்போது நான் நல்ல பலசாலி, மூட்டை தூக்குவேன், கொஞ்சம் இன்னும் இறுக்கிப் பிடித்திருக்கலாமே என்று பல வருஷம் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 20 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். 50 கிலோமீட்டர் என்றால் கிட்டத்தட்ட 10 மீட்டர், அதாவது மூன்றாவது மாடியிலிருந்து விழுவது. அந்த வேகத்தில் போகும் கார் அரை மீட்டர் நசுங்கி நின்றால், பிறந்து 3 கிலோ இருக்கும் குழந்தை அந்தக் கணத்தில் 60 கிலோ மூட்டை போல முன்னால் இழுக்கும். 10 கிலோ குழந்தை என்றால் 200 கிலோ. யாருடைய கையும் அதைத் தாங்காது. இன்னும் இறுக்கிப் பிடித்திருந்தாலும் நீ பறந்திருப்பாய். என் தப்பு பிடியில் இல்லை, உன்னை அங்கே உட்கார வைத்ததில்தான்.

அடுத்து உன்னைப் பற்றி. போன மாதம் மாப்பிள்ளை அனுப்பிய படத்தில் நீ முன் சீட்டைப் பின்னால் சாய்த்து, இரண்டு காலையும் டாஷ்போர்டு மேல் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாய். அசதி, கால் வீக்கம், எல்லாம் புரிகிறது. அம்மாவும் "பாவம் தூங்கட்டும்" என்றாள். ஆனால் அந்த ஏர்பேக் விரிந்தால் உன் கால்கள் எங்கே போகும் என்று யோசித்துப் பார், முழங்கால் முகத்துக்கு வரும், இடுப்பு எலும்பு தாங்காது. சீட்டைச் சாய்த்தால் இன்னொன்று நடக்கும், தோள் பெல்ட் உடம்பை விட்டு விலகி நிற்கும், மோதும்போது உடம்பு கீழே வழுக்கும், இடுப்பு எலும்பில் இருக்க வேண்டிய பெல்ட் வயிற்றில் ஏறும். உன் வயிற்றில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று நான் சொல்ல வேண்டாம்.

பெல்ட் வயிற்றை அழுத்துமே என்று போடாமல் இருந்துவிடாதே. கீழ் பெல்ட் வயிற்றுக்கு அடியில், தொடை தொடங்கும் இடத்தில் இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும், வயிற்றின் மேல் ஒருபோதும் வேண்டாம். தோள் பெல்ட் இரண்டு மார்புக்கும் நடுவே வந்து வயிற்றின் பக்கவாட்டில் இறங்க வேண்டும். நீ ஓட்டினால் ஸ்டியரிங்கின் நடுவுக்கும் உன் நெஞ்செலும்புக்கும் குறைந்தது 25 சென்டிமீட்டர் இடைவெளி வை. நீ குட்டை, கால் எட்டுவதற்காக முன்னால் நகர்ந்து நகர்ந்து உட்காருவாய், அதுதான் எனக்குக் கவலை. கார்களைச் சோதிக்கும் பொம்மைகள் வெகுகாலமாக 175 சென்டிமீட்டர் உயரமும் 78 கிலோவும் உள்ள ஆணின் அளவில்தான் செய்யப்பட்டன. 2011-ல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில், ஒரே மாதிரி மோதலில் பெல்ட் போட்ட பெண் ஓட்டுநருக்குப் பலத்த காயம் படும் வாய்ப்பு பெல்ட் போட்ட ஆணைவிட 47 சதவீதம் அதிகம் என்று வந்தது. முடிந்தால் கடைசி இந்த இரண்டு மாதம் மாப்பிள்ளையையே ஓட்டச் சொல். சின்ன இடி பட்டால்கூட, உனக்கு ஒன்றுமே தெரியாவிட்டாலும், அன்றே டாக்டரிடம் போய்க் காட்டு, நஞ்சுக்கொடி கருப்பையிலிருந்து பிரிவது வெளியே தெரியாமல் நடக்கும்.

தலை வைக்கும் பகுதியை உச்சந்தலை உயரத்துக்கு ஏற்றி வை, உன் காரில் அது கீழேயே இறங்கிக் கிடப்பதைப் படத்தில் பார்த்தேன். பின்னாலிருந்து இடித்தால் கழுத்தைப் பிடிப்பது அது ஒன்றுதான்.

டாக்ஸியில் பின்னால் உட்கார்ந்தால் பெல்ட் போடுகிறாயா? நீ பதில் சொல்லாமல் சிரிப்பாய் என்று தெரியும். பின் சீட்டு பத்திரம் என்று நாம் எல்லாரும் நினைத்துக்கொண்டோம், அது பெல்ட் போட்டவருக்குத்தான். கணித மேதை ஜான் நாஷ், நோபல் பரிசு வாங்கியவர், 2015 மே மாதம் நார்வேயில் ஏபெல் பரிசு வாங்கிக்கொண்டு திரும்பி, விமான நிலையத்திலிருந்து மனைவியோடு டாக்ஸியில் வீட்டுக்குப் போனார். இருவரும் பெல்ட் போடவில்லை. டாக்ஸி மோதியதும் இருவரும் வெளியே வீசப்பட்டு இறந்தார்கள். ஓட்டியவர் பிழைத்தார்.

நானும் பல வருஷம் பின் சீட்டில் பெல்ட் போட்டதில்லை. நீ ஓட்டும்போதும் உன் பின்னால் அப்படியேதான் உட்கார்ந்து வந்திருக்கிறேன். ஜப்பானில் நடந்த விபத்துகளை வைத்து 2002-ல் ஒரு மருத்துவ இதழில் வந்ததைப் படித்தேன், பின்னால் இருப்பவர் பெல்ட் போடாவிட்டால், முன்னால் பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பவர் இறக்கும் வாய்ப்பு கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. என் 70 கிலோ உடம்பு உன் சீட்டின் முதுகில் வந்து இடிக்கும், உன்னை ஸ்டியரிங்கோடு சேர்த்து நசுக்கும். என் பெண்ணை நானே கொன்றிருக்கக்கூடும். அதைப் படித்த அன்றிலிருந்து தெருமுனைக்குப் போனாலும் போடுகிறேன்.

இன்னொன்று, நாங்கள் வரும்போது யார் எங்கே என்பது. புது கார்களில் மோதும் கணத்தில் பெல்ட்டைச் சட்டென்று இறுக்கி, நெஞ்சு நொறுங்காதபடி பிறகு கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் அமைப்பு முன் சீட்டில் இருக்கும், பின் சீட்டில் பல கார்களில் இருக்காது. அதனால் புது கார்களில் 55 வயது தாண்டியவர்களுக்குப் பின் சீட்டைவிட முன் சீட்டே மேல் என்று ஆய்வுகள் சொல்கின்றன, சின்னப் பிள்ளைகளுக்குப் பின் சீட்டுதான். அம்மாவின் எலும்பு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று உனக்குத் தெரியும், அவள் முன்னால் உட்காரட்டும். நீ குழந்தையோடு பின்னால், நான் உன் பக்கத்தில், பெல்ட்டோடு. பெட்டிகளை எல்லாம் பின்கண்ணாடி ஓரத்தில் அடுக்காமல் டிக்கியில் போட்டுவிடலாம், மோதினால் அவையும் பறக்கும்.

ஒரு வேலை செய். காலையில் கார் வெளிச்சத்தில் நிற்கும்போது பின் சீட்டின் நடு இடத்தைப் பார், தோள் வரை வரும் முழு பெல்ட் இருக்கிறதா, இடுப்பு பெல்ட் மட்டும்தானா, கொக்கிகள் எங்கே இருக்கின்றன, மூன்றையும் படம் எடுத்து அனுப்பு. சீட்டை வாங்குவதற்கு முன் அனுப்பு, எந்தச் சீட்டு பொருந்தும் என்பது அதைப் பொறுத்துத்தான்.

அப்பா