கொடைக்கானல் விடுதிக்காரர்களுக்கு: விருந்தினரின் ஆதார் உங்கள் பையனின் போனில் எதற்கு?

கொடைக்கானலில் லாட்ஜ், காட்டேஜ், ஹோம்ஸ்டே நடத்தும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

மூஞ்சிக்கல் பக்கம் ஜெராக்ஸ் கடையும் பிரவுசிங் சென்டரும் வைத்திருப்பவன் எழுதுகிறேன். உங்களில் பலருக்கு பில் புத்தகம், டாரிஃப் கார்டு, ரெஜிஸ்டர் பைண்டிங் எல்லாம் என் கடையில்தான் நடக்கிறது. அதனால் உங்களிடம் தங்க வருகிறவர்களின் காகிதங்கள் உங்களைவிட என் கண்ணில்தான் அதிகம் படுகின்றன. ஆதார், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட். ஒருமுறை ஒரு ஜோடியிடம் கேட்டு வாங்கிய கல்யாணப் பத்திரிகைகூட நகலெடுக்க வந்தது. இவற்றை எப்படி வாங்குகிறீர்கள், எங்கே வைக்கிறீர்கள், எப்போது அழிக்கிறீர்கள் என்பதைப் பற்றித்தான் இந்த மடல்.

இப்போது நடப்பது என்ன? மதுரையிலிருந்து ஒரு குடும்பம் போனில் ரூம் கேட்கிறது. அட்வான்ஸ் ஜிபேயில் வந்துவிடுகிறது. அடுத்த செய்தி, ‘எல்லாரோட ஆதாரையும் வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க சார்.’ பிள்ளைகளுடையதும் சேர்த்து, முன்பக்கம் பின்பக்கம் எல்லாம் வருகிறது. யாருக்கு வருகிறது? ரிசப்ஷனில் நிற்கும் பையனின் சொந்த போனுக்கு. வந்ததும் படங்கள் கேலரிக்குள் போய்விடும். பேக்கப் போட்டிருந்தால் அவனுடைய கூகுள் கணக்கிலும் ஒரு பிரதி ஏறிவிடும். அவன் உங்களுக்கு அனுப்புகிறான், நீங்கள் பிரிண்ட் எடுக்க எனக்கு அனுப்புகிறீர்கள். ஒரு ராத்திரி தங்க வந்த மனிதரின் அடையாளம், அவர் மலையேறுவதற்கு முன்பே மூணு போன்களில் உட்கார்ந்திருக்கிறது. சீசன் முடிந்ததும் பையன் மூணாறில் வேலை கிடைத்துப் போய்விடுவான். போனும் அவனோடு போகும். அதை நீங்கள் யோசித்ததுண்டா?

காகிதத்தின் கதை இன்னும் மோசம். வருஷக் கடைசியில் ரூமை ஒழிக்கும்போது ஜெராக்ஸ் கட்டுகள் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போகின்றன. ஒரு கட்டில் நூறு குடும்பங்களின் முகவரி, பிறந்த தேதி, கையெழுத்து இருக்கும். கிலோவுக்கு என்ன கிடைத்துவிடும்?

‘போலீஸ் கேட்கிறார்களே’ என்பீர்கள். சரிதான், கேட்கத்தான் செய்வார்கள். ஏதாவது திருட்டு, யாரோ காணாமல் போனார்கள் என்றால் முதலில் உங்கள் ரெஜிஸ்டரைத்தான் புரட்டுவார்கள். ரெஜிஸ்டர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெளிநாட்டுக்காரர்கள் தங்கினால் அவர்கள் விவரம் சொல்லும் படிவத்தை (‘சி’ படிவம் என்றே நமக்குப் பழக்கம்) 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் ஏற்றியாக வேண்டும், வட்டக்கானல் பக்கம் ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அதற்கு பாஸ்போர்ட், விசா விவரம் இல்லாமல் முடியாது. ஆனால் படிவம் ஏறியபிறகு அந்த பாஸ்போர்ட் படம் போனில் ஏன் இன்னும் இருக்கிறது?

நம் ஊர்க்காரர்கள் விஷயத்தில் வேலை இன்னும் சுலபம். வந்ததும் அட்டையைக் கையில் வாங்கிப் பாருங்கள், முகத்தைப் பாருங்கள், பெயரும் முகவரியும் போன் நம்பரும் எந்த அட்டை என்பதும் ரெஜிஸ்டரில் எழுதுங்கள். நகல் இருந்தே ஆகவேண்டும் என்றால் எண் மறைத்த ஆதார் இருக்கிறது. ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். முதல் எட்டு எண்கள் மறைந்து கடைசி நாலு மட்டும் தெரியும். பெயர், படம், முகவரி எல்லாம் அப்படியே இருக்கும். 2022 மே மாதம் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், கண்ட இடத்தில் ஆதார் நகல் கொடுக்காதீர்கள், எண் மறைத்ததைக் கொடுங்கள் என்று ஓர் அறிவிப்பு விட்டது. மக்கள் தப்பாகப் புரிந்துகொள்ளக்கூடும் என்று இரண்டே நாளில் அந்த அறிவிப்பை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். அதிலிருந்து எண் மறைத்த ஆதாரே ரத்தாகிவிட்டது என்று நினைப்பவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். ரத்தானது அறிவிப்பு மட்டும்தான்.

ஜெராக்ஸ் கடைக்காரன் சொல்கிறேன், இதையும் நம்புங்கள். வாட்ஸ்அப்பில் வரும் ஆதார் படம் எதையும் நிரூபிக்காது. படத்தையும் பெயரையும் மாற்றி ஒட்டுவது கம்ப்யூட்டர் தெரிந்தவனுக்குப் பத்து நிமிட வேலை. மாற்ற முடியாதது அட்டையில் இருக்கும் க்யூஆர் கோடு. அதற்குள் ஆணையத்தின் டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறது. ஆணையத்தின் ஸ்கேனர் செயலியில் காட்டினால் பெயரும் படமும் வந்து நிற்கும், போலி என்றால் மாட்டிக்கொள்ளும். உண்மையிலேயே பாதுகாப்புதான் உங்கள் கவலை என்றால் செய்யவேண்டியது இது. நகல் சேர்ப்பதில் வேலை செய்த திருப்தி கிடைக்கிறது, அவ்வளவுதான்.

அப்புறம் இ-பாஸ். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் நமக்கும் அது வந்தது. எத்தனை வண்டி மலையேறுகிறது என்று கணக்கெடுக்க வந்த ஏற்பாடு. அதில் பெயர், வண்டி எண், வருகிற நாள், போகிற நாள், தங்குமிடம் எல்லாம் அரசாங்கத்திடம் பதிவாகிறது. ‘நாங்களே பாஸ் எடுத்துத் தருகிறோம்’ என்று சொல்லி நீங்களும் டிரைவர் தம்பிகளும் அதே விவரங்களை வாங்கி வைத்துக்கொள்கிறீர்கள். உதவிதான், குறை சொல்லவில்லை. ஆனால் மதுரையில் எந்தத் தெருவில் எந்த வீடு, எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை பூட்டிக்கிடக்கும் என்பது அந்தச் செய்தியையும் ஆதாரில் இருக்கும் முகவரியையும் சேர்த்துப் பார்த்தால் மொத்தமாகத் தெரிந்துவிடும். பாஸ் வந்ததும் அதை அழித்துவிடுவதற்கு என்ன தடை?

எனக்கு எல்லாவற்றையும்விடக் கோபம் வருவது போன் நம்பர் விஷயத்தில்தான். ரூம் விசாரித்த நம்பர் ஜீப்காரருக்குப் போகிறது, அவரிடமிருந்து சாக்லேட் கடைக்குப் போகிறது. மன்னவனூர் போகணுமா, டென்ட் வேணுமா என்று நாலு பேர் கூப்பிடுகிறார்கள். வியாபாரம், பரஸ்பர உதவி என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கூப்பிடப்படுகிறவர் அப்படி நினைப்பதில்லை. தனியாகத் தங்கிவிட்டுப் போன பெண்ணுக்கு ‘ஹாய் மேடம், ரீச் ஆயிட்டீங்களா’ என்று ராத்திரி பத்து மணிக்குச் செய்தி போடும் பையன்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள். அப்படி ஒரு பெண் என் கடையில் நின்று, அந்தச் செய்திகளையெல்லாம் புகாரோடு இணைக்க பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனார். விடுதியின் பெயரை இங்கே எழுதவில்லை, சம்பந்தப்பட்டவருக்குத் தெரியும். பையனைத் திட்டி நிறுத்திவிட்டால் போதாது. விருந்தினரின் நம்பர் அவன் சொந்த போனில் இருக்கும்படி வைத்தது யார்?

சட்டமும் பக்கத்தில் வந்துவிட்டது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017-ல் ஒருமனதாகச் சொன்னார்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது, அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியமான கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். வெறும் காகித ரெஜிஸ்டர் அதில் வராது. அதைப் போட்டோ எடுத்த நிமிஷம் வந்துவிடும். என்ன வாங்குகிறோம், எதற்கு வாங்குகிறோம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும், அதைத் தமிழில் படிக்கவும் வழி இருக்க வேண்டும். வேலை முடிந்ததும், வேறு சட்டம் வைத்திருக்கச் சொன்னால் ஒழிய, அழிக்க வேண்டும். பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். எட்டு ரூம் காட்டேஜுக்கு யாரும் அவ்வளவு போடப் போவதில்லை, அது உச்ச வரம்பு. ஆனால் உங்களுக்கு எவ்வளவு என்பதை நீங்களோ நானோ முடிவு செய்யப் போவதுமில்லை.

இணையதளம் வைத்திருக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை. ‘தனியுரிமைக் கொள்கை’ என்று கீழே ஒரு பக்கம் போட்டிருக்கிறீர்களே, அதை ஒருமுறை படித்துப் பாருங்கள். ஏரிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு காட்டேஜின் பக்கத்தில் கலிஃபோர்னியா வாசிகளின் உரிமைகள் பற்றி மூன்று பத்தி இருக்கிறது. எங்கிருந்தோ எடுத்து அப்படியே ஒட்டிய வேலை. விருந்தினரின் ஆதார் யாருடைய போனில் இருக்கும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். விடுதிக்கென்று தனி போனும் தனி நம்பரும் வையுங்கள், ராத்திரி அது கல்லாவிலேயே இருக்கட்டும். முன்கூட்டியே ஆதார் அனுப்பச் சொல்வதை நிறுத்துங்கள். யாராவது தானாக அனுப்பினால் ரூம் காலியான அன்றே அழியுங்கள். நம்பரை வெளியே கொடுப்பதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பழைய நகல்களை எடைக்குப் போடாதீர்கள், என்னிடம் கிழிக்கும் மெஷின் இருக்கிறது, கொண்டுவாருங்கள். ஸ்டேஷனில் என்ன நகல் வேண்டும், எத்தனை நாள் வைக்க வேண்டும் என்பதை ஒவ்வொருவரும் தனியாகக் கேட்டால் ஒவ்வொரு பதில் வரும். உங்கள் சங்கத்திலிருந்து நாலு பேர் சேர்ந்து டிஎஸ்பியைப் பார்த்து எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

ரிசப்ஷனில் ஒட்டுவதற்கு ஒரு பக்க அறிவிப்பைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் டைப் செய்து வைத்திருக்கிறேன். உங்கள் விடுதிப் பெயரையும், விவரங்களை எத்தனை நாள் வைப்பீர்கள் என்பதையும் சொன்னால் போதும், பிரிண்ட் இலவசம். லேமினேஷனுக்கு மட்டும் காசு வாங்குவேன்.

இப்படிக்கு,
மூஞ்சிக்கல் ஜெராக்ஸ் கடைக்காரன்